அல்லூரி சீதாராம ராஜுவும் மலைநாட்டாரும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் வாழ்ந்து வரும் நம்மவர் இல்லங்களுக்குச் செல்லுந்தோறும் கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கக் காண்கின்றோம். காவியுடை, மார்பளவு தாழ்ந்த தாடி, தோளில் அம்பறாத்தூணி, கையில் வில். நம் சங்கத்து ஆண்டு விழாவிலும் அப்படத்திற்கே முதல் மாலை சூட்டப்படுகின்றது. க்ஷத்திரிய ராஜுக்கள் குலத்துதித்த ஒருவர் வெள்ளைத் துரைத்தனத்தை எதிர்த்து உயிர் நீத்தார் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் அவர் யாருக்காக அங்ஙனம் உயிர் நீத்தார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தோம். தேசத்துக்காக என்றனர் சிலர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர். ஆர். ஆர். திரைப்படத்தைக் கண்டுவிட்டு, அவர் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் என்றே நம்பிவிட்டனர் வேறு சிலர். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பெரியோராகிய நாம் சொல்லித் தரவில்லை. ஆதலின் அப்பெரியாரின் ஜீவிய சரித்திரத்தை, அவர் யாரோடு நின்றாரோ அம்மலைநாட்டாரின் சரித்திரத்தோடு சேர்த்து இம்மாத இதழில் எழுதத் துணிந்தோம்.

சீதாராம ராஜு 1897ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள், விசாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்த பாண்ட்ரங்கி என்னும் தாய்வழிப் பாட்டனார் ஊரில் பிறந்தார். தந்தையார் வெங்கடராம ராஜு. பீமவரத்தை அடுத்த மோகல்லு அவர்தம் ஊர். தாயார் சூரியநாராயணம்மா. தந்தையார் புகைப்படம் எடுக்கும் தொழிலைக் கற்று ராஜமகேந்திரவரத்தில் ஜீவனம் செய்து வந்தவர். மகன் சிறுவனாயிருந்தபோதே அவர் காலமானார். அதன்பின் சிற்றப்பனார் ஆதரவில் குடும்பம் நடந்தது. அச்சிற்றப்பனார் சர்க்காரில் தாசில்தார் உத்தியோகம் வகித்தவர். பின்னாளில் சர்க்காரை நடுங்க வைத்த மனிதர் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுச் சோற்றிலே வளர்ந்தார் என்பதை நினைக்குங்கால் நமக்கு வியப்புண்டாகின்றது.

படிப்பில் அவருக்கு நாட்டம் நிலைக்கவில்லை. ராஜமகேந்திரவரம், காகிநாடா, நரசாபுரம், விசாகப்பட்டினம் என்று பள்ளிகள் மாறியதேயன்றிப் பரீட்சைகள் தேறவில்லை. குதிரையேற்றம், சோதிடம், மூலிகை வைத்தியம், யோகம் ஆகியவற்றிலேயே மனம் சென்றது. இருபது வயது நிரம்புமுன் வடதேச யாத்திரை புறப்பட்டுக் காசி, ஹரித்துவாரம் முதலிய தலங்களைத் தரிசித்துத் திரும்பினார். திரும்பியவர் கோதாவரிச் சமவெளியில் உள்ள சுற்றத்தாரிடம் செல்லாமல், கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கிருஷ்ணதேவிப்பேட்டையில் தங்கினார். துறவி வேடத்தோடு வந்த அவ்விளைஞரை மலைவாசிகள் முதலில் வைத்தியராகவும் சோதிடராகவும் ஏற்றனர். பின்னர்த் தம் வழக்குகளைத் தீர்க்கும் மத்தியஸ்தராகவும் கொண்டனர்.

இனி அம்மலைகளின் நிலைமையைச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். அதனை அறியாவிடில் ராஜுவின் சரித்திரம் வெறும் சண்டைக் கதையாகிவிடும்.

கூடெம், ரம்பை என்னும் பெயர்களால் வழங்கப்பெறும் அம்மலைநாட்டில் கோயர், கொண்டதொரர், பகதர் முதலான ஆதிக்குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மலைச்சரிவில் ஒரு பகுதிக் காட்டை வெட்டிச் சாய்த்து, காய்ந்தபின் எரித்து, அச்சாம்பலில் தினை, சாமை, கேழ்வரகு முதலியவற்றை விதைத்து, ஓரிரண்டு ஆண்டு பயிர் செய்தபின் அவ்விடத்தைக் காடாக வளரவிட்டு வேறிடம் செல்வது அவர்தம் வேளாண்மை. அதற்குப் போடு என்று பெயர். நிலம் இன்னாருடையது என்பதற்கு அவர்களிடம் ஏடு இல்லை. இந்தச் சரிவு இந்தக் குடும்பத்தாரால் வெட்டப்படுவது என்பதை ஊரார் யாவரும் அறிவர். அவ்வறிவே அவர்களுக்குப் பட்டா. கிராமத் தொகுதிகளை முட்டாக்கள் என்பர்; அவற்றின் தலைவர்கள் முட்டாதார்கள். இவர்கள் வரி தண்டிக் கொடுத்துத் தம் மக்களுக்குச் சிற்றரசர் போல் இருந்தனர்.

துரைத்தனத்தார் கை நீண்ட பின்னர் இவ்வேற்பாடு குலைந்தது. கள்ளிறக்குவதற்கு வரி வந்தது. சமவெளி வியாபாரிகள் கடன் கொடுத்து, எழுத்தறியாதவரிடம் பத்திரம் வாங்கி, கோர்ட்டில் டிக்ரி பெற்று மாட்டையும் நிலத்தையும் கொண்டு போயினர். இவ்விரண்டு கொடுமையாலும் 1879ஆம் ஆண்டில் ரம்பை நாட்டில் பெருங்கலகம் மூண்டது. அதனை அடக்கச் சென்னையிலிருந்து பட்டாளங்கள் சென்றன. தலைவருள் ஒருவரான தம்மன்ன தொரா மறு ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். ராஜு பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னர் நடந்தது இஃது. அம்மலையில் அவர் காலத்து முதியோர் யாவரும் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

கலகம் அடங்கியதும் 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. சென்னைக் கோட்டையிலே எழுதப்பட்ட அச்சட்டத்தின்படி மலைச்சரிவுகள் ரிசர்வ் காடுகளாயின. தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த போடு சாகுபடி ஒரு நாளில் குற்றமாயிற்று. விறகு ஒடிப்பது குற்றம். மாடு மேய்ப்பது குற்றம். காட்டு இலாகாச் சேவகன் கண்ணிற்பட்டால் அபராதம். அபராதம் கொடுக்கப் பணமில்லையேல் கோழியோ ஆடோ கொடுத்துத் தப்ப வேண்டும். அதுவும் இல்லையேல் சிறை.

நம் அங்கத்தினர் இவ்விடத்தில் ஒரு நிமிஷம் நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். நம்முள் பலர் 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த காலத்தில் பிழைப்பு நாடி வந்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு மனை வாங்கியவர்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்னும் காகிதங்களுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்து வாயிலில் எத்தனை பொழுது காத்துக் கிடந்தோம்! அக்காகிதம் ஒன்று பிழைபட்டால் இரவில் உறக்கம் வருகின்றதா? சர்க்கார் சாலைக்கென்று நம் மனையில் ஒரு முழம் கேட்டாலும் நோட்டீசு வரும், ஆட்சேபணை சொல்ல இடமுண்டு, நஷ்டஈடு உண்டு, கோர்ட்டுண்டு. அம்மலைவாசிக்கோ, பாட்டன் வெட்டிய சரிவு அவனுடையதன்று என்று கூறும் காகிதம் மாத்திரமே காட்டப்பட்டது. அக்காகிதத்தையும் அவன் வாசிக்க அறியான்.

கோர்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1839ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகள் சாதாரணக் கோர்ட்டுகளின் அதிகாரத்தினின்றும் விலக்கப்பட்டுக் கலெக்டரிடமே ஒப்புவிக்கப்பட்டன. அவர் அங்கே ஏஜெண்டு என்னும் பட்டத்தோடு வரி வாங்குபவராகவும் போலீசை ஏவுபவராகவும் வழக்கு விசாரிக்கும் நீதிபதியாகவும் இருந்தார். மலைவாசிகளைச் சமவெளியாரின் சூழ்ச்சியினின்றும் காக்கவே இவ்வேற்பாடு என்று சொல்லப்பட்டது. சர்க்காரே எதிர்வாதியாகும் வழக்கில் அவர்களை யார் காப்பது என்பதற்கு விடையில்லை.

ராஜு அங்கே வாழ்ந்த நாட்களில் கூடெம் பகுதிக்கு டெபுடி தாசில்தாராக இருந்தவர் பாஸ்டியன் என்பவர். மலைக்குச் சாலை போட வேண்டியிருந்தது. மலைவாசிகளை வெட்டியாகவும், சொன்ன கூலிக்குக் குறைத்துக் கொடுத்தும் வேலை வாங்கினார் என்பது அவர் மீது எழுந்த முறையீடு. காம் கண்டம் தொரா, காம் மல்லு தொரா என்னும் சகோதரர் இருவர் அவரோடு பகைத்துத் தம் உரிமையிழந்து நின்றனர். இவர்கள் பெயரை வாசகர் நினைவிற்கொள்க.

1921ஆம் ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது ராஜு மலைக்கிராமங்களில் மதுவை விடுமாறும், கதர் உடுக்குமாறும், வழக்குகளைக் கச்சேரிக்குக் கொண்டு செல்லாமல் பஞ்சாயத்திலே தீர்த்துக் கொள்ளுமாறும் சொல்லி வந்தார். இதில் குற்றம் யாது? கச்சேரிக்கு வழக்குகள் குறைந்தன, அதுவே குற்றமாயிற்று. 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு, கண்காணிப்பில் வைக்கப்பட்டார். பயிர் செய்து கொண்டு அமைதியாயிருக்கும்படி அவருக்குச் சிறிது நிலமும் கொடுக்கப்பட்டது என்பர். அவர் அந்நிலத்தை ஏற்று அங்கேயே இருந்திருந்தால் வயது முதிர்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டு இறந்திருப்பார். நம் வீட்டுச் சுவர்களிலும் படம் இராது. தமக்கு நிலம் கிடைத்துவிட்டது என்பதால் பிறர் நிலம் போனதை அவர் மறக்கவில்லை. சில மாதங்களில் அவ்விடம் விட்டு மலைக்குத் திரும்பினார்.

1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் சிந்தபள்ளி போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது. மறுநாள் கிருஷ்ணதேவிப்பேட்டை, அதற்கடுத்த நாள் ராஜவொம்மங்கி. மூன்று நாளில் மூன்று ஸ்டேஷன்களிலிருந்து 26 துப்பாக்கிகளும் தோட்டாக்களும் எடுக்கப்பட்டன. ராஜவொம்மங்கியில் காவலில் கிடந்த வீரய்ய தொரா விடுவிக்கப்பட்டார். எடுத்த ஆயுதங்களின் கணக்கை எழுதிக் கையொப்பமிட்டு வைத்துச் சென்றார் ராஜு. அக்டோபரில் அட்டதீகலைக்கும் ரம்பசோடவரத்துக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சென்றதாகவும் வரலாறு உண்டு. அறிவிப்போடு மிளகாயும் சேர்த்தனுப்பினார் என்று தெலுங்கு நாட்டுப் பாட்டிமார் சொல்வர். அதன் மெய்ம்மை எவ்வாறாயினும் கேட்பதற்கு இனிதாக இருக்கின்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் தாமனபள்ளிக் கணவாயில் ஸ்காட் கவர்டு, ஹெய்ட்டர் என்னும் வெள்ளை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். முன்னே சென்ற இந்தியப் போலீசாரைப் போகவிட்டு, பின்னே வந்த அதிகாரிகளை மாத்திரம் சுட்டனர். நாம் கொலையைப் புகழ்ந்து எழுத விரும்பவில்லை. அவ்விருவருக்கும் தாய்மார் இருந்தனர். பேச்சையும் விண்ணப்பத்தையும் நாற்பதாண்டு கேளாதிருந்த துரைத்தனத்தார் துப்பாக்கியொலியை மாத்திரம் உடனே கேட்டனர் என்பதையும் மறைக்க முடியாது.

அதன்பின் நடந்தது ஏறத்தாழ இரண்டாண்டு வேட்டை. மலையாளத்திலிருந்து மலபார் ஸ்பெஷல் போலீஸ் வந்தது. பின்னர் அஸ்ஸாம் ரைபிள்ஸ் பட்டாளம் வந்தது. ராஜுவின் தலைக்கு ரூபாய் 10,000 விலை வைக்கப்பட்டது. 1922 டிசம்பரில் நடந்த மோதல்களில் மலையினர் பலர் மாண்டனர். 1923 ஏப்ரலில் ராஜு சமவெளியோரத்து அன்னவரத்தில் வெளிப்பட்டுச் சுவாமி தரிசனம் செய்து திரும்பியபோது ஊரார் வரவேற்றனர். அவ்வரவேற்புக்காகப் பின்னர் அவ்வூரார் தண்டம் இறுக்க நேர்ந்தது.

பட்டாளத்தாரால் ராஜுவைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே அவருக்குச் சோறிடும் கைகளைப் பிடித்தனர். மலைக்கிராமங்களுக்குத் தானியம் செல்லும் வழி அடைக்கப்பட்டது. இடங்கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் சிறைப்பட்டனர். கிராமங்கள் மீது அபராதம் விதிக்கப்பட்டது. சீதாராம ராஜுவின் சரித்திரத்தில் நம் உள்ளத்தைப் பெரிதும் உருக்குவது இப்பகுதியே. காட்டிக் கொடுத்தால் 10,000 ரூபாய்; காட்டிக் கொடாவிட்டால் பசி. 10,000 என்னும் தொகையை எண்ணிப் பார்க்கவும் தெரியாத ஏழைகள் பசியையே மேற்கொண்டு ஏறத்தாழ இருபது மாத காலம் அவரை மறைத்து வைத்தனர். அவர்கள் இன்னார் என்பதை எந்தப் புத்தகத்திலும் முழுமையாகக் காணவில்லை.

1924 ஏப்ரலில் ரூதர்போர்டு என்பவர் விசேஷக் கமிஷனராக வந்தார். மே மாதம் 7ஆம் நாள் மம்பா என்னும் ஊரருகே ராஜு பிடிபட்டார். கொய்யூருக்குக் கொண்டு செல்லப்பட்டு அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார் என்றனர் அதிகாரிகள். மரத்திற் கட்டிச் சுட்டனர் என்று அந்நாட்டார் இன்றளவும் சொல்கின்றனர். எவ்வாறாயினும் அவர் ஒரு நீதிபதியின் முன்னும் நிறுத்தப்படவில்லை. குற்றப் பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பில்லை. வயது இருபத்தாறு. கிருஷ்ணதேவிப்பேட்டையில் அவர் சமாதி இருக்கின்றது.

நம்மவர் சொல்லும் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். மலைநாட்டார் கதை இங்கேதான் கச்சேரிக்குள் நுழைகின்றது.

காம் கண்டம் தொரா ராஜுவுக்குப் பின்னும் அடங்காமல் நின்று 1924 ஜூனில் கொல்லப்பட்டார். தம்பி மல்லு தொரா முந்தின ஆண்டே பிடிபட்டவர். அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர்த் தீவாந்தர சிட்சையாக மாற்றப்பட்டது. அந்தமான் சிறை சென்றார். அக்கிராஜு என்று அழைக்கப்பெற்ற வேகிராஜு சத்தியநாராயண ராஜுவும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே உயிர் துறந்தார். வீட்டுப்பெயரைக் கேட்ட அளவில் அவர் நம்மவர் என்பது விளங்கும். ஆயினும் இவருக்கு நம் இல்லங்களில் படமும் இல்லை, பெயரும் இல்லை. தலைவரை நினைத்தோம்; சிறையில் மடிந்த தோழரை மறந்தோம். நம் குலத்தவரையே இங்ஙனம் மறந்தோமாயின் மலைக்குலத்தவரை நினைத்திருப்போமா? அவர்களுள் எத்தனையோ பேர் கலகம் செய்தார், கலகக்காரருக்குச் சோறிட்டார், செய்தி சொன்னார் என்னும் குற்றச்சாட்டுகளின் பேரில் தண்டனை பெற்றனர். அவர்கள் சிறைப்பட்டபோது வீட்டில் பெண்டிர் எங்ஙனம் பிழைத்தனர், விதைக்காத சரிவில் என்ன விளைந்தது என்பதை எழுதி வைப்பார் இல்லை.

சமவெளித் தலைவர்களும் அக்காலத்தில் இவர்களுக்குப் பரிந்து பேசத் தயங்கினர். அஹிம்சை நெறிக்கு மாறானது என்பது ஒரு காரணம். துரைத்தனத்தாருக்கு அஞ்சியது மற்றொன்று. 1929இல் மகாத்மா காந்தி ஆந்திர நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது ராஜுவின் படம் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தியதை ஒப்பாதவராயினும், அவ்விளைஞரின் தியாகத்தையும் எளிய வாழ்வையும் பாராட்டித் தம் பத்திரிகையில் எழுதினார். அதன்பின்னரே பலருக்கு வாய் திறந்தது.

மல்லு தொரா அந்தமானிலிருந்து உயிரோடு மீண்டார். முதற் பொதுத் தேர்தலில் விசாகப்பட்டினத்திலிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1952ஆம் ஆண்டில் டில்லி சென்றார். ஆந்திரம் பிரிந்தது 1953 அக்டோபரில். ஆகவே அவர் தேர்வு பெற்ற காலத்தில் விசாகப்பட்டினம் நம் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்ததே. அந்தத் தேர்தல் காலத்தில் சென்னையில் முதன் மந்திரியாய் வீற்றிருந்தவர் ராஜபாளையம் பி. எஸ். குமாரசுவாமி ராஜா. இவரை நம் சங்கத்தார் யாவரும் அறிவர். மல்லு தொராவை அறிந்தவர் எத்தனை பேர்?

மலைநிலத்தைக் காப்பதற்கான சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1917ஆம் ஆண்டிலேயே மலைவாசிகளின் நிலம் சமவெளியார் கைக்கு மாறலாகாது என்று சென்னைச் சர்க்கார் சட்டம் செய்தது. அதனையே 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விரித்தது. 1970இல் அது மேலும் இறுக்கப்பட்டது. 1997இல் சமதா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், போர்ரா மலைப்பகுதியில் சுரங்கக் குத்தகை விட்டது செல்லாதென்றும், அட்டவணைப் பகுதி நிலத்தை மலைவாசியல்லாதாருக்குக் கொடுக்கலாகாதென்னும் தடை சர்க்காரையும் கட்டுப்படுத்தும் என்றும் தீர்ப்பளித்தனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ காட்டுவாசிகளுக்கு இழைக்கப்பட்டது சரித்திர அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. 1882ஆம் ஆண்டில் குற்றம் என்றது 2006இல் உரிமை என்றாயிற்று. இடையில் 124 ஆண்டு.

சட்டம் வந்தும் வழக்குகள் ஓயவில்லை. நம் நாட்டிலேயே தர்மபுரி ஜில்லா வாச்சாத்தி என்னும் மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20ஆம் நாள் காட்டு இலாகாவினரும் போலீசாரும் புகுந்து இழைத்த கொடுமைகளை இங்கே விவரித்தெழுத நாக் கூசுகின்றது. சந்தனக் கட்டை கடத்தினர் என்று சொல்லி அவ்வூரார் நூற்றுக்கு மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சிறையிலிடப்பட்டனர். அவர்களுக்காக வழக்காடப் புகுந்தவர் அவ்வூரார் அல்லர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் ஏ. நல்லசிவன் போன்ற பெரியோரும் ஆவர். 2011 செப்டம்பரில் தர்மபுரிக் கோர்ட்டு 269 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். 2023இல் சென்னை ஹைகோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

வடக்கே ஜார்க்கண்டில், 1908ஆம் ஆண்டுக் குடிவாரச் சட்டத்தைத் தளர்த்த முற்பட்டதை எதிர்த்து 2017, 2018 ஆண்டுகளில் முண்டர்கள் தம் ஊரெல்லையில் கல் நாட்டி, அரசியல் சட்டம் தமக்களித்த உரிமைகளை அதில் பொறித்தனர். கல் நாட்டியவர் மீது ராஜத்துரோக வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2019 டிசம்பரில் பதவியேற்ற புதிய மந்திரிசபை அவற்றைத் திரும்பப் பெறத் தீர்மானித்தது. அம்மக்களோடு பல்லாண்டு வாழ்ந்து, விசாரணையின்றிச் சிறையிற் கிடந்த மலைவாசி இளைஞர்களுக்காக உழைத்தவர் ஸ்டேன் சுவாமி என்னும் பாதிரியார். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் பிறந்த தமிழர். கல் நாட்டிய விவகாரத்தில் அவர் பெயரும் வழக்கில் சேர்க்கப்பட்டது. பின்னர் பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தே வந்தார். விசாரணை தொடங்குமுன்னரே 2021 ஜூலை 5ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், காவற்கைதியாகவே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். ராஜுவின் பிறந்த நாள் ஜூலை 4 என்பது நம் நினைவுக்கு வந்தது.

இவையெல்லாம் ராஜாங்க விஷயங்கள், குலச் சங்கத்துப் பத்திரிகைக்கு இவை எதற்கு என்று சில பெரியோர் வினவக்கூடும். கல்யாணத் தகவலும் உபகாரச் சம்பள அறிவிப்பும் போதுமே என்பர். அவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. இச்சங்கத்தை வளர்த்தவர்கள் அவர்களே. ஆனால் அப்படத்தை நாம் கூடத்தில் மாட்டாதிருந்தால் அக்கேள்வி நியாயமாகும். மாட்டிவிட்டோம். அவர் வில்லைக் கைக்கொண்டது அழகுக்காக அன்று; அது கோயருடைய வில்.

தொலைநாடு போக வேண்டுவதும் இல்லை. நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே இருளர் குடும்பங்கள் பல ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் பட்டாவின்றி வாழ்கின்றன. அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் பலர் அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் பலமுறை வாசித்திருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவர் வீடு கட்டுகையில், அடுத்த புறம்போக்கில் குடிசையிட்டிருந்த இருளர் நால்வர் மீது அயலார் சிலர் திருட்டுப் புகார் கொடுத்தனர். காணாமற் போன கம்பிகள் இரண்டு நாளில் மேஸ்திரியின் கொட்டகையிலேயே அகப்பட்டன. அதற்குள் அந்நால்வரும் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டனர். நாமும் அத்தெருவில்தான் இருந்தோம். அவர்கள் அத்தகையவர் அல்லர் என்று ஸ்டேஷனில் சொல்லி வர ஒரு நாழிகை ஆகியிருக்காது. சொல்லவில்லை. இச்சரித்திரத்தை எழுதுங்கால் அது நம் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

வருகிற ஜூலை 4ஆம் நாள் ஜயந்தியின்போது படத்தின் கீழே காம் கண்டம் தொரா, காம் மல்லு தொரா, வேகிராஜு சத்தியநாராயண ராஜு ஆகிய மூவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டுமென்று நிர்வாக சபையாருக்கு விண்ணப்பம் கொடுத்துள்ளோம். வழக்கிற் சிக்கிய இருளர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வழி செய்யும் பொருட்டு, நம் சங்கத்தைச் சேர்ந்த வக்கீல்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்க இசைந்தால் நன்றாயிருக்கும் என்பதையும் அதில் சேர்த்திருக்கின்றோம். சபையார் முடிவு அடுத்த இதழில் தெரியும்.

கிருஷ்ணதேவிப்பேட்டைச் சமாதியைக் காண விரும்பும் குடும்பத்தார் சிலர் ஒன்று சேர்ந்தால் யாத்திரையாகவே போய் வரலாம். சென்னையிலிருந்து ரயிலில் துனியில் இறங்கி நர்சீபட்டணம் வழியாக மலையடிவாரம் சேரலாம். அவ்வழியாகக் கொய்யூருக்கும் சிந்தபள்ளிக்கும் சாலை இருக்கின்றது. 2022 ஏப்ரலில் அம்மலைநாடு பாடேருவைத் தலைநகராகக் கொண்டு அல்லூரி சீதாராம ராஜு ஜில்லா என்றே பெயர் பெற்றது. வர விரும்புவோர் ஐப்பசி முடியுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கவும். மழைக்காலத்தில் மலைச்சாலை நன்றாயிராது. தை மாதமே தகுந்தது.